வடித்து எண்ணிய ஏரி

ஓர் ஏரியில் எத்தனை மீன் இருக்கிறது என்பதை ஐயமற அறிய ஒரே வழிதான் உண்டு: நீரை முழுவதும் வடித்துவிட்டு எண்ண வேண்டும். கோடையில் வற்றிய கண்மாயில் இறங்கி மீன் வாரியவர்களுக்கு இது புதிதன்று. சேற்றில் கிடந்து துள்ளும் வரை, அவ்வளவு பெரிய விரால் அந்த நீருக்குள் இருந்ததை ஊரில் எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். ஆண்டு முழுதும் அதே கரையில் தூண்டில் போட்டவர்கூட அறிந்திருக்க மாட்டார்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் இவ்வழியையே ஆய்வுமுறையாகக் கொண்ட சிற்றேரி ஒன்று உண்டு. சார்லசுட்டன் நகருக்கு அருகே, பாக்சு ரிட்ச் மாநிலப் பூங்காவுக்குள், 1941-ஆம் ஆண்டு ஒரு சிற்றோடையின் குறுக்கே அணை எழுப்பி அதனை உருவாக்கினர். ரிட்ச் ஏரி என்பது அதன் பெயர். பரப்பு ஏறத்தாழ 18 ஏக்கர். நம் நாட்டுப் பெருங்கண்மாய்களோடு ஒப்பிட்டால் ஒரு மூலைக்கும் காணாது. ஆயினும் நன்னீர் மீன்களைப் பற்றி இந்தச் சிற்றேரி கற்பித்தது மிகுதி. நீரை அடியோடு வடித்துவிட ஏற்றவாறு அதனைக் கட்டினர். இலினாய் இயற்கை வரலாற்று அளவாய்வகத்தைச் சேர்ந்த பென்னட் என்னும் அறிஞர், தொடக்கக் காலத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை என்னும் அளவில் ஏரியை வடித்து, உள்ளிருந்த மீன்களை எண்ணினார்; எடையிட்டார்; அளந்தார். தூண்டில் போட வருவோர் இசைவு பெற்றே வரவேண்டும். பிடித்ததைக் காட்டிப் பதிந்த பின்னரே திரும்ப வேண்டும். ஆகவே தூண்டில் சொன்ன கணக்கு ஒருபுறமும், வடித்துக் கண்ட கணக்கு மறுபுறமும் அங்கே நின்றன. உலகில் மிகச்சில நீர்நிலைகளுக்கே இத்தகைய இரட்டைச் சான்று வாய்த்திருக்கிறது.

அவ்வேரியில் முதலில் விட்ட மீனை அந்நாட்டார் லார்ச்மவுத் பாசு என்பர். அதன் வாய்ப்பிளவு கண்ணையும் கடந்து பின்னே செல்லும். நாம் அதனைப் பெருவாயன் என்போம். சில ஆண்டுகள் கழித்துச் சேர்த்த மீன் புளூகில். செவுள் மூடியின் ஓரத்தில் கருநீலப் பொட்டுடைய தட்டை மீன். அதனை நீலச்செவுளன் என்போம். முன்னது மீன்தின்னி. பின்னது சிறுவாயால் பூச்சிகளையும் மிதவையுயிர்களையும் கொத்தி உண்பது. இவ்விரண்டின் உறவை விளங்கிக்கொண்டால், அமெரிக்கக் குட்டைகளில் தூண்டில் போடுவோரின் மகிழ்ச்சிக்கும் ஏமாற்றத்துக்கும் பெரும்பகுதிக் காரணம் விளங்கிவிடும்.

அவ்வுறவை முதன்முதலில் முறைப்பட ஆராய்ந்தவர் அலபாமா மாநிலத்து ஆபர்ன் நகரில் பணியாற்றிய ஓமர் சுவிங்கில். 1930-களில் தொடங்கி நூற்றுக்கணக்கான குட்டைகளை வெட்டியும், மீன் விட்டும், வடித்தும் அவர் கண்டறிந்தவற்றை 1950-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் முதன்மையானது எளியது, ஆனால் நெஞ்சில் பதிய நாளாவது. ஒரு குட்டை தாங்கக்கூடிய மீனின் மொத்த எடை, அதன் நீரும் மண்ணும் தரும் ஊட்டத்தால் வரையறுக்கப்படுகிறது. குஞ்சுகளை எண்ணிக்கையில் மிகுத்து விட்டாலும் குறைத்து விட்டாலும் மொத்த எடை ஏறத்தாழ அதே அளவில் வந்து நிற்கும். மாறுவது அந்த எடை எத்தனை உடல்களாகப் பிரிந்து நிற்கிறது என்பதுதான். நூறு கிலோ மீன் என்பது ஐந்நூறு நல்ல மீன்களாகவும் இருக்கலாம். விரலளவிலேயே நின்றுபோன ஐயாயிரமாகவும் இருக்கலாம். மீன் பெருகவில்லையே என்று ஆண்டுதோறும் குஞ்சு வாங்கி விடும் நல்லெண்ணம் இங்கேதான் தோற்கிறது.

நீலச்செவுளன் கோடைக்காலத்தில் மீண்டும் மீண்டும் முட்டையிடும். ஒரு பெண்மீன் ஆயிரக்கணக்கில் இடும். பெருவாயன் போதிய அளவில் இருந்தால் குஞ்சுகளில் பெரும்பகுதியை உண்டுவிடும். எஞ்சியவற்றுக்கு இரை தாராளமாய்க் கிடைக்கும். அவை உள்ளங்கை அகலத்துக்கு வளரும். பெருவாயன் குறைந்தால் குஞ்சுகள் பிழைத்துக் குட்டையை நிறைக்கும், எல்லாமே பசித்திருக்கும், எதுவுமே வளராது. அவ்வளவோடு நிற்பதில்லை. பசித்த அச்சிறுமீன் கூட்டம் பெருவாயனின் கூடுகளைச் சூழ்ந்து அதன் முட்டைகளைத் தின்னும். வேட்டைமீனின் அடுத்த தலைமுறை தோன்றாது. குட்டை அந்நிலையிலேயே பூட்டப்பட்டுவிடும். சுவிங்கில் கண்ட நல்ல சமநிலையில், மீன்தின்னியின் எடை ஒரு பங்கென்றால் இரைமீனின் எடை மூன்று முதல் ஆறு பங்கு வரை இருந்தது.

இதிலிருந்து தூண்டிற்காரருக்கு ஒரு நுண்ணிய பாடம் கிடைக்கிறது. முள்ளில் சிக்கும் நீலச்செவுளன் எல்லாம் பெரியதாகவும், பெருவாயன் எல்லாம் சிறியதாகவும் இருந்தால், அங்கே பெருவாயன் நெருக்கடியாய்ப் பெருகியிருக்கிறது என்று கொள்ளலாம். மாறாக, நீலச்செவுளன்கள் கைவிரல் நீளத்தில் முடிவின்றி வந்துகொண்டிருக்க, எப்போதேனும் ஒருமுறை கொழுத்த கிழட்டுப் பெருவாயன் ஒன்று சிக்கினால், அது குட்டையின் வளத்தைக் காட்டுவதில்லை. வேட்டைமீனின் மரபு அற்றுக்கொண்டிருப்பதைக் காட்டுகிறது. பிடித்தவர் அதனோடு நின்று படம் எடுத்துக்கொள்வார். அந்நீரின் நிலையோ அதற்கு நேர்மாறானது. ஒரு மீனின் உடலளவு மற்றொரு மீனின் தொகையைச் சொல்கிறது என்னும் இவ்வுண்மை, நான் அறிந்த இயற்கை நூற் செய்திகளுள் மிக அழகியவற்றுள் ஒன்று. பென்னட்டும் ரிட்ச் ஏரியை வடித்தபோது பெருவாயன்களை மீள நீரில் விட்டுச் சிறு நீலச்செவுளன்களில் பெரும்பகுதியை அகற்றினார்.

மீன் எங்கே நிற்கும் என்பதும் அது தூண்டிலில் சிக்கும் வாய்ப்பைத் தீர்மானிக்கும். நீர் 4 பாகை செல்சியசில் மிக அடர்த்தியாய் இருக்கும். கோடையில் வெதுநீர் மேலும் குளிர்நீர் கீழுமாக ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். இடையே வெப்பநிலை சட்டென்று விழும் மெல்லிய படலம் ஒன்று அமையும். வளமான சிற்றேரிகளில் கீழடுக்கின் உயிர்வளி மட்கும் பொருள்களால் விரைவில் செலவழிந்துபோகும். அப்படலத்துக்குக் கீழே இறக்கிய தூண்டில், மீனே வாழ முடியாத நீரில் பகல் முழுதும் தொங்கிக்கொண்டிருக்கும். வடபுலத்து ஆழமற்ற ஏரிகளில் பனிக்காலம் இதனினும் கொடியது. உறைந்த நீரின்மேல் வெண்பனி படிந்து ஒளியை மறைக்க, அடியில் பாசி உயிர்வளி ஆக்குவதை நிறுத்திவிடும். பனி உருகும்போது கரையெங்கும் மீன்கள் செத்து ஒதுங்கும்.

எல்லா ஏரியையும் வடிக்க இயலாது. வடிக்காமல் எண்ணும் கணக்கு ஒன்றை டென்மார்க்கு நாட்டுப் பீட்டர்சன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல்மீன்களிடையே கையாண்டார். நூறு மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விடுங்கள். அவை பிறவற்றோடு கலந்தபின் மீண்டும் நூறு பிடியுங்கள். அவற்றுள் பத்தில் அடையாளம் இருந்தால், ஏரியில் ஏறத்தாழ ஆயிரம் மீன் உண்டு. பலமுறை பிடித்து விடும்போது இக்கணக்கை எவ்வாறு செய்வது என்பதை 1938-இல் சோயி சுனாபெல் என்னும் பெண்மணி வகுத்துத் தந்தார். ஏரி ஒன்றின் மீன்தொகையை மதிப்பிடுவது என்பதே அவர் கட்டுரையின் பொருள். இன்றும் அவர் பெயராலேயே அம்முறை வழங்குகிறது.

இக்கணக்கின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஒவ்வொரு மீனும் அகப்படும் வாய்ப்பு ஒன்றே என்பது. தூண்டிலாலேயே பிடித்து, தூண்டிலாலேயே மீளப் பிடித்தால் என்னாகும்? கடிக்கும் இயல்புடைய மீன்களே திரும்பத் திரும்ப வரும். அடையாளமுள்ளவை மிகுதியாய்த் தோன்றும். ஏரியில் உண்மையில் உள்ளதைவிடக் குறைந்த மீனே கணக்கில் வரும். அதனால்தான் ஆய்வாளர் ஒருமுறை வலையாலும் மறுமுறை வேறு வழியாலும் பிடிக்க முயல்கின்றனர்.

விசுகான்சின் மாநிலத்தின் வடக்கே எசுக்கனாபா ஏரியில் 1946-ஆம் ஆண்டு முதல் தூண்டில் போடும் ஒவ்வொருவரும் சீட்டுப் பெற்றுச் சென்று, பிடித்ததைப் பதிந்துவிட்டே வீடு திரும்புகின்றனர். அங்கே பேர்பெற்ற மீன் வால்ஐ. மங்கிய ஒளியிலும் இரை காண உதவும் ஒளிர்படலம் விழியின் உட்புறத்தில் உடையது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவ்வேரியில் அம்மீனுக்கு அளவுக் கட்டுப்பாடோ எண்ணிக்கைக் கட்டுப்பாடோ விதிக்காதிருந்தனர். பதிவு மட்டுமே கட்டாயமாக இருந்தது. அந்நெடிய பதிவு சொன்ன செய்தி எதிர்பாராதது. ஓராண்டு பிறந்த குஞ்சுகள் ஏராளமாய்ப் பிழைக்கின்றன. மற்றோராண்டு ஏறத்தாழ ஒன்றுமே பிழைப்பதில்லை. முட்டையிடும் தாய்மீன்களின் தொகை இதனை ஓரளவே விளக்குகிறது. மே மாதத்தில் நீரின் வெப்பநிலை தாவித் தாவி மாறினால் குஞ்சு குறைகிறது. நிலையாய் இருந்தால் மிகுகிறது. ஆக, இவ்வாண்டு தூண்டிலில் அகப்படும் வால்ஐயின் தொகையைப் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வேனிலின் சில வாரங்கள் தீர்மானித்திருக்கின்றன.

பிடிபடும் வேகத்தைக் கொண்டு மீன்தொகையை அளப்பதிலும் இடர் உண்டு. மீன் குறையக் குறைய எஞ்சியவை நல்ல இடங்களிலேயே திரளும். அவ்விடங்களைத் தூண்டிற்காரர் அறிவர். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மீன் என்னும் கணக்குப் பல ஆண்டுகள் மாறாமலே நிற்கும். அது விழும்போது ஏரி முன்பே வெறுமையாகியிருக்கும். 'இங்கே எப்போதும் போலத்தான் கிடைக்கிறது' என்னும் சொல்லை நான் அச்சத்தோடுதான் கேட்கிறேன்.

வேட்டைமீனை எடுப்பதால் ஏரிக்கு என்ன நேரும் என்பதை அறிய, 1985-இல் கார்பென்டர், கிச்செல் முதலிய அறிஞர் மிச்சிகன், விசுகான்சின் எல்லையில் உள்ள இரு சிற்றேரிகளில் துணிவான ஓர் ஆய்வு செய்தனர். பீட்டர் ஏரியின் பெருவாயன்களில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்து டியூசுடே ஏரியில் விட்டனர். டியூசுடே ஏரியின் சிறுமீன்களில் பத்தில் ஒன்பது பங்கைப் பீட்டர் ஏரிக்கு மாற்றினர். அருகிலுள்ள பவுல் ஏரியைத் தொடாமல் ஒப்பீட்டுக்கு வைத்தனர். டியூசுடே ஏரியில் சிறுமீன்கள் மறைந்தன. அவற்றுக்கு இரையாகிவந்த பெரிய நீர்த்தெள்ளுகள் பெருகின. அவை நுண்பாசியை மேய, பாசி குறைந்தது. உணவுத் தொடரின் உச்சியில் தொட்டது நீரின் நிறம் வரை இறங்கி வந்தது. பீட்டர் ஏரியோ எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. சிறுமீன்கள் கரையோரம் ஒதுங்கியும் எஞ்சிய பெருவாயன்களுக்கு இரையாகியும் குறைந்தன. மூத்தவை அகன்ற இடத்தில் பெருவாயன் குஞ்சுகள் பெருந்திரளாய்ப் பிழைத்து, சிறுமீன்களின் வேலையைத் தாமே செய்தன. ஏரி தன் பாடத்தை ஆய்வாளரின் ஏட்டுப்படி ஒப்பிக்காத இவ்விடமே எனக்கு மிகவும் பிடித்தது.

மீண்டும் ரிட்ச் ஏரிக்கு வருவோம். 1970-களின் நடுவில் அங்கே மற்றொரு நெடிய ஆய்வு தொடங்கியது. டேவிட் பிலிப் என்னும் மீனியல் அறிஞர் பின்னர் அதனை முன்னெடுத்துச் சென்றார். பிடிபட்ட ஒவ்வொரு பெருவாயனையும் அளந்து, அடையாளமிட்டு, ஏரியிலேயே திரும்ப விட்டனர். நான்கு ஆண்டுகள் இவ்வாறு பதிந்தனர். ஒரு மீன் முதல் இரண்டு நாள்களிலேயே மூன்று முறை சிக்கியது. மற்றொன்று ஓராண்டில் பதினாறு முறை. பின்னர் ஏரியை வடித்தனர். 1,700-க்கும் மேற்பட்ட பெருவாயன்கள் கிடைத்தன. அவற்றுள் ஏறத்தாழ 200 மீன்கள் அந்நான்கு ஆண்டும் அதே நீரில் வாழ்ந்திருந்தும் ஒருமுறைகூடத் தூண்டிலில் சிக்காதவை.

அந்த இருநூறையும் எண்ணும்போதெல்லாம் எனக்குச் சேற்றில் துள்ளும் விரால் நினைவுக்கு வருகிறது. தூண்டில் அறிந்தது கடிக்கும் மீனை மட்டுமே. அடுத்த வினா இயல்பாய் எழுந்தது: கடிப்பதும் கடிக்காததும் பிறவிக்குணமா? அடிக்கடி சிக்கியவற்றை ஒருபுறமும், சிக்காதவற்றை மறுபுறமும் பிரித்து, தனித்தனியே இனம்பெருக்கி, மூன்று தலைமுறை வளர்த்தனர். தலைமுறைதோறும் இரு மரபுகளுக்கும் இடையே வேறுபாடு வளர்ந்தது. கடிக்கும் மீன்களைப் பிடித்துக்கொண்டு போகும் ஒவ்வோர் ஏரியிலும், எஞ்சுவது கடிக்காதவற்றின் மரபே. அம்மூன்று தலைமுறை ஆய்வின் முடிவு 2009-இல் வெளிவந்தது.

ஆனால் அடிக்கடி கடிப்பவை அறிவிலி மீன்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பெருவாயனில் கூடு காப்பது தந்தை. நீர் 16 பாகையைத் தாண்டும் வேனிலில் அது கரையோரத்து ஆழமற்ற மணலில் வாலால் குழி துடைக்கும். பெண்மீன் முட்டையிட்டு அகன்றபின், வாலசைத்து முட்டைகளுக்குப் புதுநீர் பாய்ச்சும். குஞ்சுகள் தனித்து நீந்தும் வரை பல வாரங்கள் உடன் நின்று காக்கும். கூட்டருகே வரும் எதையும் பாய்ந்து தாக்கும். தூண்டிலையும் அவ்வாறே தாக்கும். அவ்விரு மரபுகளையும் குளங்களில் விட்டு ஒப்பிட்ட 2012-ஆம் ஆண்டு ஆய்வு, எளிதில் சிக்கும் மரபின் தந்தைகளே கூட்டை மிகுந்த ஊக்கத்தோடு காப்பவை என்று கண்டது. அதாவது, தூண்டில் முதலில் கரையேற்றுவது நல்ல தந்தைகளை.

பிடித்த கையோடு திரும்ப விட்டாலும் இழப்பு நிற்பதில்லை. அம்மீன் கரையில் இருக்கும் சில நிமிடங்களுக்குள் நீலச்செவுளன்கள் கூட்டை அடைந்துவிடும். முட்டைகளிற் பெரும்பகுதி போய்விட்டால், திரும்பி வந்த தந்தை கூட்டைக் கைவிட்டு ஆழத்துக்குப் போய்விடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துத் தென்பகுதி ஏரிகளில் இதனால்தான் சூன் மாதப் பிற்பகுதி வரை பெருவாயனுக்குத் தூண்டில் போடத் தடை இருக்கிறது. அதுவரை அந்தத் தந்தை தன் மணற்குழியின்மேல் வாலசைத்து நிற்கும்.