மலையிறக்கத்தில் பிரேக் கொதிப்பது ஏன்?

கலிபோர்னியாவின் மரின் பிரதேசத்தில், ஃபேர்ஃபாக்ஸ் ஊரையடுத்த ரிபேக் என்னும் மலைப்பாதையில், 1976-ஆம் ஆண்டு முதலாக உற்சாகமிக்க சில வாலிபர்கள் கனத்த பழைய சைக்கிள்களில் பந்தயமாக இறங்கியபோது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே பற்றுகிற பிரேக்கிலிருந்து புகை எழுந்தது. உள்ளிருந்த கிரீஸ் வெந்து ஆவியாகிவிடவே, குடத்தைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியதாயிற்று.

இத்தனை உஷ்ணம் எங்கிருந்து வந்தது? உயரத்தில் நிற்கும் எப்பொருளிலும் அதன் எடைக்கும் உயரத்துக்கும் தக்க சக்தி பொதிந்திருக்கிறது. இறங்குகையில் அது வேகமாக வெளிப்பட, அவ்வேகத்தைப் பிரேக் தடுக்கும்போது, அழிவென்பதை அறியாத அச்சக்தி உராய்வினால் உஷ்ணமாக ரூபம் மாறுகிறது. அப்பாதையின் இறக்கம் சுமார் 400 மீட்டர். ஆளும் வண்டியுமாக 90 கிலோகிராம் என்று கொண்டால், வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 3,50,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது ஏறக்குறையப் போதும். காற்றும் கரடுமுரடான தரையும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும், எஞ்சியது மூடிய சிறு குடத்துக்குள் தேங்கிவிடுகிறது.

இக்காலத்து மலைச் சைக்கிளின் டிஸ்க் பிரேக்கிலோ, மெல்லிய எஃகுத் தட்டு திறந்த வெளியில் சுழல்வதால், காற்றுப்பட்டு உஷ்ணம் விரைவில் கலைகிறது.

ஆதலால், நெடிய இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் தேய்த்துக்கொண்டே போவதைவிட, இரண்டு பிரேக்குகளையும் பகிர்ந்து, இடையிடையே அழுத்தி விடுவதே உத்தமம். விட்ட கணத்தில் வேகம் கூட, வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும் காற்றுத்தடை சக்தியில் அதிகப் பங்கைத் தானே ஏற்றுக்கொள்கிறது. சக்கர விளிம்பைப் பற்றும் பிரேக்குள்ள வண்டிக்கு இந்த ஜாக்கிரதை இன்னும் அவசியம். விளிம்பு அளவுமீறிச் சூடேறினால் டியூப் வெடிக்கவும் கூடும்.