ஆறு கோப்பை, ஒரு தொட்டி

1000 பேருக்கு 69. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் ஆண்டு மரணக் கணக்கு இது. 1863இல் வந்த ராயல் கமிஷன் அறிக்கையில் உள்ளது. கொன்றது பெரும்பாலும் போர் அல்ல, காலராவும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். குடிநீர், கழிவறை, பாரக்குகளின் நெரிசல் ஆகியவற்றைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். 1873 வாக்கில் அந்த 69, 18 ஆகிவிட்டது என்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதினார். காலராக் கிருமி இன்னதென்று கோக் 1884இல் சொல்வதற்கு முன்பே, ஆயிரத்துக்கு 51 உயிர் மிச்சம்.

ராணுவச் சுகாதார அதிகாரியின் வேலையை நான் இந்த 51ஐ வைத்துத்தான் மதிக்கிறேன்.

பெங்களூரில் ஜோகுபாளையத்திலிருந்து அல்சூர் ஏரிக்கு நடந்தே போய்விடலாம். ஏரியை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம். அதன் ஜவான்களை ராணுவம் ‘தம்பி’ என்று அழைக்கும். இதே பெங்களூர் தண்டில் 1883இல் படை மருத்துவராக இருந்தவர் ரொனால்ட் ராஸ். அறையில் கொசு தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தொட்டியில் புழு நெளிவதைப் பார்த்தார், தண்ணீரைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. செலவு: பூஜ்யம். உணவு விடுதியிலும் இப்படிச் செய்யலாம் என்று படை அதிகாரியிடம் சொன்னார். இயற்கையின் ஒழுங்கில் கைவைக்கக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார். 1895இல் காலராவை அடக்க ராஸ் மறுபடி பெங்களூர் வந்தார். 1897 ஆகஸ்ட் 20இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார், 1902இல் நோபல். தொட்டியிலிருந்து அந்த வயிறு வரை 14 ஆண்டு.

கொசுவுக்குத் தொட்டி என்றால், குடிநீரைச் சோதிக்க ராணுவம் வைத்திருக்கும் கருவி ஹாராக்ஸ் பெட்டி. 200 மில்லி பிடிக்கும் வெள்ளைக் கோப்பை 6, கறுப்புக் கோப்பை 1, 2 கிராம் கரண்டி. கறுப்பில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, வெள்ளைக் கோப்பைகளில் உள்ள தண்ணீரில் முறையே 1 முதல் 6 சொட்டு விட வேண்டும். அரை மணி கழித்து ஸ்டார்ச்-அயோடைடு விட்டு, எது நீலமாகிறது என்று பார்க்க வேண்டும். 3ஆவது கோப்பையில்தான் நீலம் தொடங்குகிறது என்றால் 455 லிட்டருக்கு 3 கரண்டி பிளீச்சிங் பவுடர், அதாவது 6 கிராம்.

வீட்டு சம்ப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5,000 லிட்டருக்கு 66 கிராம். கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4 ரூபாய். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவில் அது 37 பேரின் ஒருநாள் தண்ணீர். தலைக்கு 11 காசு. காசு ஒரு தடையே இல்லை. தினமும் ஒருவர் அளந்து பார்க்க வேண்டும், ராணுவம் சம்பளம் கொடுப்பது அந்த ஒருவருக்குத்தான். நம் தெருவுக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

அதுவரை டெங்குக் கொசுவையாவது நாமே தடுக்கலாம். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீர் டிரம்மைக் காலி செய்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான்.