மூட்டுக்குள் கேமரா: எந்த முழங்காலுக்கு உதவும்?



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் முழங்கால் வலிக்கானவையும் உண்டு. “மூட்டுக்குள் கேமரா விட்டுச் சுத்தம் செய்தால் சரியாகிவிடுமாம், பணம்தான் இல்லை” என்று சொல்லி வருகிறவர்களும் இருக்கிறார்கள். நகையை அடகு வைப்பதற்கு முன், இந்தச் சிகிச்சை யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நல்லது. அதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஆர்த்ராஸ்கோப்பி என்பது என்ன?

மூட்டை அகலமாகத் திறக்காமல், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு மூன்று துளைகள் வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை இது. ஒரு துளை வழியே விளக்கும் கேமராவும் பொருத்திய, ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயைச் செலுத்துவார்கள். உப்பு நீரைப் பாய்ச்சி மூட்டை விரித்து, உள்ளே இருப்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே இன்னொரு துளை வழியே சிறு கருவிகளால் சரிசெய்வார்கள். காயம் சிறியது என்பதால் வலி குறைவு. பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுவார்கள்.

இந்த முறை ஜப்பானில் வளர்ந்தது. 1918இல் டோக்கியோவில் கெஞ்சி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் வழிவந்த மசாகி வதனபே, 1962இல் கிழிந்த குருத்தெலும்பை இம்முறையிலேயே வெட்டி எடுத்தார்.

யாருக்குப் பயன்படும்?

விளையாட்டிலோ பைக் விபத்திலோ முழங்கால் திருகி ‘ஜவ்வு கிழிந்த’ இளைஞர்களில், நடக்கும்போது கால் நழுவுவதாக உணர்பவர்களுக்குப் பயன்படும். கிழிந்த குருத்தெலும்பு இடையில் சிக்கி, காலை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டவர்களுக்கும், எலும்புத் துண்டு மூட்டுக்குள் உதிர்ந்து கிடப்பவர்களுக்கும், அடிக்கடி தோள்பட்டை நழுவுகிறவர்களுக்கும் பயன்படும். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் கழுவி எடுக்கவும் இம்முறை உதவும்; அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத அவசரம்.

இத்தகையவர்கள் மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டுக் காலம் கடத்துவது நல்லதல்ல. நிலையில்லாத மூட்டோடு நடந்தால் குருத்தெலும்பு மேலும் சேதமாகும்.

யாருக்குப் பயன்படாது?

வயதாகி மூட்டு தேய்ந்தவர்களுக்கு உள்ளே கழுவிச் சுத்தம் செய்வதால் வலி தீர்வதில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. சிலருக்கு உண்மையான சிகிச்சையும், சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தையலும் செய்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கவனித்தும், சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிடத் தேறவில்லை. தேய்மானத்தால் குருத்தெலும்பு கிழிந்த 146 பேரிடம் பின்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்விலும் இதே முடிவுதான். 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வல்லுநர் குழு ஒன்று, தேய்மான முழங்காலுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

நடுவயதைக் கடந்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால், வலி இல்லாதவர்களிடமும் கிழிசல் தெரிவது சகஜம். ஆகவே ஸ்கேன் தாளில் ‘கிழிசல்’ என்றிருப்பதை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம்.

தேய்மானத்துக்கு என்ன வழி?

தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்று, தினமும் செய்ய வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. தரையில் குந்துவதைத் தவிர்ப்பதும் வலியைக் குறைக்கும். மண்டியிட முடியாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது; முறையை இமாமிடம் கேட்டறியுங்கள். இவையெல்லாம் செய்தும் நடமாட்டமே முடங்கினால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

ஒப்புக்கொள்ளும் முன் கேளுங்கள்

என் வலிக்குக் காரணம் காயமா, தேய்மானமா? அறுவை சிகிச்சை இல்லாமல் மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கலாமா? எப்போது வேலைக்குத் திரும்பலாம்? குருத்தெலும்பைச் சிறிது வெட்டி எடுத்தால் சில வாரங்கள் போதும். புது ஜவ்வு பொருத்தினால், மீண்டும் விளையாட ஒன்பது மாதங்களோ அதற்கு மேலோகூட ஆகலாம். அதுவரை பயிற்சியை விட்டால் செலவழித்த பணம் வீண்.

சர்க்கரை நோயையும், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சிகிச்சைக்குப் பின் காய்ச்சல், மூட்டில் கடும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தங்கள் சிகிச்சை அடங்குமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். அதற்கும் மேல் தேவைப்பட்டால் ஸ்கேன் அறிக்கை, மருத்துவரின் கடிதம் ஆகியவற்றுடன் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். இரண்டாவது மருத்துவரின் கருத்தையும் பெற்றுவிட்டு வந்தால், இன்ஷா அல்லாஹ், உதவியை விரைவில் முடிவு செய்ய எங்களுக்கு எளிதாக இருக்கும். நிதி அமானிதம், அது உண்மையில் பலன் பெறக்கூடியவரைச் சென்றடைய வேண்டும்.