ஏடு ஒன்று, இருப்பிடம் பல: இணைய ஆவணங்களைக் காக்கும் நிகரர் வலை

முன்னுரை

எழுதுவது ஒரு கலை. எழுதியதைக் காப்பது மற்றொரு கலை. முன்னதில் தமிழர் பெற்ற பெருமை பெரிது. பின்னதில் நாம் இழந்தவையோ எண்ணிலடங்கா. ஓலைச்சுவடி அழிவதற்குச் செல்லும் தீயும் வேண்டியிருந்தன. இணையத்தில் ஏற்றிய ஆவணம் அழிவதற்கு ஆண்டுக் கட்டணம் ஒருமுறை செலுத்தப்படாமற் போனாலே போதும். 2013ஆம் ஆண்டில் இருந்த வலைப்பக்கங்களுள் நூற்றுக்கு 38 பக்கங்கள் பத்தாண்டுகளுக்குப் பின் காணக் கிடைக்கவில்லை என அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இலட்சக்கணக்கானோர் தம் பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்னும் தளம் 2009இல் ஒரே நாளில் மூடப்பட்டது. இந்நிலைக்கு மாற்றாகக் கணிப்பொறி அறிஞர் கண்ட வழிகளுள் ஒன்றே ‘பியர் டு பியர்’ எனப்படும் நிகரர் வலை. அதன் இயல்பை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுச்சேரி தரும் சான்று

இக்கருத்தை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் புதுச்சேரியிலேயே தக்க சான்று உள்ளது. துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் மறைந்த சில நாள்களில் நகரம் ஆங்கிலேயர் கைப்பட்டது. கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாயின. நாட்குறிப்போ அவர்தம் இல்லத்தில் ஏறத்தாழ 85 ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. 1846இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டறிந்து படியெடுத்தார். அரியேல் என்பார் எடுத்த படிகள் பாரிசு தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. சென்னை அரசும் தனக்கென ஒரு படி எடுத்துக்கொண்டது. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இடையிடையே சில பகுதிகள் கிடைக்காமற் போயினும், எஞ்சியவை இன்று நமக்குக் கிட்டுவதற்குக் காரணம், புதுச்சேரி, பாரிசு, சென்னை என மூவிடத்தும் படிகள் இருந்தமையே.

இதற்கு நேர்மாறான துயரமும் நாம் அறிந்ததே. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவை மீளவே இல்லை. பல படிகள் இருந்தால் வாழ்வு; ஒரே படி எனில் இடர் என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும் பாடம்.

இன்றைய வலையின் குறை

இன்றைய வலைப்பக்க முகவரி ஒரு பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டுகிறதே அன்றிப் பொருளைச் சுட்டுவதில்லை. “மூன்றாம் அலமாரி, இரண்டாம் தட்டு, ஐந்தாம் நூல்” என்று ஒருவர் குறித்துக்கொடுப்பதாகக் கொள்வோம். அலமாரியை இடம் மாற்றினால் நூல் கிடைக்காது. அவ்விடத்தில் வேறொரு நூலை வைத்துவிட்டால், அதனையே உரிய நூலென எடுத்துவருவோம். வலையிலும் இதுவே நிகழ்கிறது. பக்கத்தைத் தாங்கும் வழங்கிக் கணிப்பொறி நின்றால் பக்கம் மறையும். உரிமையாளர் சொற்களை மாற்றினால் முன்பு இருந்தது யாது என்பது படிப்பவர்க்குத் தெரியாது.

முத்திரை எண்

நிகரர் வலை இக்குறையை நீக்கப் பொருளுக்கே பெயரிடுகிறது. ஆவணத்தின் எழுத்துகள் அனைத்தையும் ஒரு கணக்குமுறைக்கு உட்படுத்தினால் ஓர் எண் கிடைக்கும். இதனை ‘ஹாஷ்’ என்பர். நாம் முத்திரை எண் எனலாம். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் இவ்வெண் 256 இருமங்களைக் கொண்டது. பதின்ம முறையில் எழுதின் 78 இலக்கம் வரை நீளும். ஆவணத்தில் ஒரு புள்ளி மாறினும் எண் முற்றிலும் வேறாகிவிடும். இருவேறு ஆவணங்களுக்கு ஒரே எண் அமைதல் நடைமுறையில் நிகழாத அளவுக்கு அரிது.

எனவே, “இந்த முத்திரை எண்ணுடைய ஆவணம் யாரிடம் உள்ளது?” என்று வலையில் கேட்டால் போதும். கொடுப்பவர் அறிமுகமில்லாதவராயினும் கவலையில்லை. பெற்ற ஆவணத்தின் எண்ணை நாமே கணக்கிட்டு ஒப்பிடலாம். ஒத்தால் உண்மைப் படி, ஒவ்வாவிடின் திரிபு. நம்பிக்கை ஆளின்மேல் இல்லாமல் ஆவணத்தின்மேல் அமைவதே இதன் சிறப்பு.

பங்கிட்டுக் காத்தல்

நிகரர் வலையில் தலைமைக் கணிப்பொறி என ஒன்றில்லை. இணைந்த ஒவ்வொன்றும் கொடுப்பதாகவும் கொள்வதாகவும் விளங்கும். பெரிய ஆவணம் சிறு துண்டுகளாக்கப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முத்திரை எண். அவ்வெண்களைத் தொகுத்து மேலும் ஓர் எண். இவ்வாறே உயர்ந்து முழு ஆவணத்துக்கும் ஒரே தலையெண் அமையும். 1979இல் இரால்ஃப் மெர்கிள் வகுத்த மரவமைப்பு இது.

எத்துண்டு யாரிடம் உள்ளது என்னும் அட்டவணையும் ஓரிடத்தில் இல்லை. அதுவும் அனைவரிடமும் பங்கிடப்பட்டுள்ளது. 2002இல் வெளியான கடெம்லியா என்னும் முறைப்படி, பத்து இலட்சம் கணிப்பொறிகள் இணைந்த வலையிலும் ஏறத்தாழ 20 படிகளுக்குள் உரியவரை அணுகலாம். 2001இல் தோன்றிய பிட்டோரென்டும், 2015இல் வெளிவந்த ஐ.பி.எஃப்.எஸ். என்னும் அமைப்பும் இந்நெறியில் இயங்குபவை. 2017இல் துருக்கி நாட்டில் விக்கிப்பீடியா தடைசெய்யப்பட்டபோது, அதன் துருக்கி மொழிப் பதிப்பின் படி ஒன்று ஐ.பி.எஃப்.எஸ். வலையில் வைக்கப்பட்டது.

பாட வேறுபாடும் பதிப்பு வரலாறும்

படிகள் பலவானால் வேறுபாடுகளும் தோன்றும். இதனைத் தமிழறிஞர் நன்கறிவர். டாக்டர் உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளைக் குறித்துப் பதிப்பித்தார். எச்சுவடி எதனைப் பார்த்து எழுதப்பெற்றது என்பது ஏட்டில் குறிக்கப்படாமையால், அவ்வுறவை அவர்தம் நுண்ணறிவால் உய்த்துணர வேண்டியிருந்தது.

கணிப்பொறி இவ்வுறவைத் தானே பதிந்துவைக்கிறது. ஆவணம் திருத்தப்படும்போது பழைய வடிவம் அழிக்கப்படுவதில்லை. புதிய வடிவம் தனக்கு முந்தியதன் முத்திரை எண்ணைத் தன்னுள் தாங்கிப் பிறக்கிறது. தந்தை பெயரை மகன் தாங்குவது போன்றது இது. லினசு டோர்வால்ட்சு 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவி இவ்வகையினது. இடையில் உள்ள ஒரு வடிவத்தை எவரேனும் மறைவாக மாற்றினால், அதற்குப் பின்வந்த எண்கள் அனைத்தும் பொருந்தாமற் போய்க் குற்றம் வெளிப்படும். மேலும், நூறு பக்க மலரைப் பக்கத்திற்கு ஒரு துண்டாக வைத்து ஒரு பக்கத்தைத் திருத்தினால், மற்ற 99 துண்டுகள் இரு பதிப்புக்கும் பொதுவாகவே இருக்கும், இடம் வீணாகாது.

பதிப்புதோறும் எண் மாறுமெனில் அண்மைப் பதிப்பை அறிவது எங்ஙனம் எனும் ஐயம் எழலாம். அதற்கென நிலையான பெயர் ஒன்று உண்டு. உரியவர் தம் மறைகுறிக் கையொப்பத்துடன் “இப்போது இப்பெயர் இவ்வெண்ணைக் குறிக்கும்” என அறிவிப்பார். பெயர் நிலைத்திருக்கும், அது சுட்டும் எண் மட்டும் மாறும்.

தமிழுக்கே உரிய சிக்கல்

‘கொ’ என்னும் எழுத்தை யூனிகோடு முறையில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்ப்பது ஒரு வகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முத்திரை எண்ணோ வெவ்வேறு. ஆதலின் சேமிப்பதற்கு முன் எழுத்துகளை ஒரே வகைக்கு மாற்றிக்கொள்ளுதல் இன்றியமையாதது. டிஸ்கி, டேப், டேம் முதலிய பழைய குறியீடுகளில் அமைந்த கோப்புகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் படியை வலை பிழையின்றிக் காக்கும். ஆனால் படிக்கும் வழி அற்றுப்போனால் பயனில்லை. எனவே மூலத்தோடு யூனிகோடு வடிவத்தையும் சேர்த்துவைத்தல் வேண்டும்.

தமிழர் முயற்சிகள்

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் சீறாப்புராணம் உட்படப் பல நூல்களை மின்வடிவில் தந்துள்ளது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் பிழைதிருத்தியும் உதவினர். முகப்புக் குறிப்பை நீக்காமல் எவரும் கோப்பினைப் பரப்பலாம் என்பது அத்திட்டத்தின் நெறி. படி பெருக வழிவிட்டதே அதன் பாதுகாப்பு. 2005இல் தோன்றிய நூலகம் இணையத்தளம் ஈழத்து எழுத்துகளைத் திரட்டி வருகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியும் காத்துவரும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெசுகோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இத்தகைய செல்வங்களின் மின்படிகள் பல நிலையங்களில் பரவுமாயின் அவற்றின் வாழ்நாள் நீளும்.

குறைகளும் எச்சரிக்கைகளும்

நிகரர் வலையில் இட்டது தானே நிலைத்துவிடும் என எண்ணுதல் கூடாது. எவரேனும் ஒருவர் தம் கணிப்பொறியில் வைத்துக் காக்கும்வரைதான் அது கிடைக்கும். யாரும் வேண்டாத ஏடு இங்கும் மறையும். பரவிவிட்ட ஒன்றைத் திரும்பப் பெறுதலும் அரிது. ஆதலின் மாணவரின் மதிப்பெண், குடும்பச் செய்தி முதலிய தனிப்பட்டவற்றை இவ்வழியில் வெளியிடலாகாது. பதிப்புரிமை உடைய நூலுக்கு உரியவர் இசைவும் தேவை. கணக்குமுறைகளும் மூப்படைவன. எஸ்.எச்.ஏ.-1 என்னும் பழைய முறையில் இருவேறு கோப்புகளுக்கு ஒரே எண் அமையுமாறு செய்யக்கூடும் என 2017இல் மெய்ப்பிக்கப்பட்டது.

நிறைவுரை

1999இல் அமெரிக்காவின் இசுடான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ‘லாக்ஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பல நூலகங்கள் ஒரே ஆவணத்தின் படிகளை வைத்துக்கொண்டு, தமக்குள் ஒப்பிட்டு, பழுதுற்ற படியை மற்றவற்றின் துணையால் செப்பம் செய்துகொள்ளும் முறை அது. இவ்வழி நமக்கும் எட்டாததன்று. கல்லூரி மலர்கள், ஊர்ப் பெரியோர் இல்லங்களில் உள்ள பழம்பிரதிகள், பள்ளிவாசல் கட்டுமானக் குறிப்புகள், சிற்றிதழ்கள் ஆகியவற்றுள் பல ஒரே படியாக அலமாரியில் உறங்குகின்றன. அவற்றை மாணவர் படமெடுக்கலாம். ஆசிரியர் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். பெரியோர் இசைவும் விளக்கமும் தரலாம். முத்திரை எண் குறித்த அப்படிகளை நான்கைந்து கல்லூரி நூலகங்கள் தமக்குள் பகிர்ந்து வைத்தால், நிகரர் வலையின் முதற்கண்ணி நம் ஊரிலேயே அமைந்துவிடும். தன் கையிலுள்ள ஏட்டுக்கு இன்னொரு கையில் ஒரு படி உண்டா என ஒவ்வொருவரும் வினவிப் பார்ப்பதே அப்பணியின் தொடக்கமாகும்.