உங்கள் கழுத்தை அறிந்துகொள்ளுங்கள்

காலையில் எழுந்ததும் தலையைத் திருப்ப முடியவில்லை, "கழுத்து பிடித்துக்கொண்டது" என்று சொல்லாத மூத்தோர் குறைவு. பெரும்பாலான கழுத்து வலி ஆபத்தில்லாதது. சில நாள்களிலோ சில வாரங்களிலோ தானாகக் குறைந்துவிடும்.

ஆனால், கழுத்தில் ஏற்படும் ஒரு கோளாறு வலியே இல்லாமல் வரக்கூடும். கைவிரல்கள் தடுமாறும், நடை தள்ளாடும். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கழுத்து எப்படி இயங்குகிறது, மருத்துவர் எதற்காக எதைச் சோதிக்கிறார் என்று தெரிந்திருந்தால், இந்த இரண்டு நிலைகளையும் பிரித்தறியலாம்.

கழுத்தின் அமைப்பு

நம் தலையின் எடை ஏறக்குறைய 4 முதல் 5 கிலோகிராம். அதை 7 சிறிய எலும்புகள் தாங்குகின்றன. நீண்ட கழுத்துள்ள ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7 எலும்புகள்தான்.

• முதல் எலும்பு மோதிரம் போன்றது. மண்டை ஓடு அதன்மேல் அமர்ந்திருக்கிறது. "ஆமாம்" என்று தலையை மேலும் கீழும் ஆட்டும்போது இந்த மூட்டு அதிகம் அசைகிறது.
• இரண்டாம் எலும்பிலிருந்து ஒரு முளை மேல்நோக்கி நிற்கிறது. முதல் எலும்பு அந்த முளையைச் சுற்றித் திரும்பும். "இல்லை" என்று தலையை அசைப்பது இங்கேதான். கழுத்து இடமும் வலமும் திரும்பும் அளவில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது.
• மற்ற எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. அவை அதிர்ச்சியைத் தாங்குகின்றன.
• எலும்புகளின் நடுவே உள்ள குழாய் போன்ற வழியில் தண்டுவடம் இறங்குகிறது. மூளையிலிருந்து கைகால்களுக்குச் செல்லும் செய்திகள் எல்லாம் இதன் வழியாகவே போகின்றன. கழுத்துப் பகுதியில் இதிலிருந்து 8 இணை நரம்புகள் பிரிகின்றன. அவற்றில் கீழே உள்ளவை தோள், கை, விரல்களுக்குச் செல்கின்றன.

தலையைக் குனிந்து, பிடரியின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே துருத்திக்கொண்டிருப்பது பெரும்பாலும் 7ஆம் எலும்பின் முனை. அது கட்டியன்று.

வயதாகும்போது என்ன நடக்கிறது?

வட்டுகளில் நீர்ச்சத்து குறைந்து, அவை தட்டையாகின்றன. எலும்பு ஓரங்களில் சிறு முட்கள் போன்ற வளர்ச்சி தோன்றுகிறது. இதையே கழுத்து எலும்புத் தேய்மானம் என்கிறோம். 60 வயதைக் கடந்த பெரும்பாலோருக்கு, வலி இல்லாவிட்டாலும், எக்ஸ்ரே படத்தில் இது தெரியும். எனவே, "தேய்மானம் இருக்கிறது" என்று கேட்டவுடன் அஞ்ச வேண்டாம்.

தேய்மானம் மூன்று விதமாகத் தொல்லை தரலாம்.

1. மூட்டும் தசையும் மட்டும் பாதிக்கப்பட்டால், கழுத்திலும் தோள்பட்டையிலும் வலி, இறுக்கம் ஏற்படும்.
2. ஒரு நரம்பு நசுங்கினால், வலி தோளிலிருந்து கைக்கு இறங்கும். குறிப்பிட்ட விரல்கள் மரத்துப்போகும்.
3. தண்டுவடமே நெருக்கப்பட்டால், கைகள், கால்கள் இரண்டும் பாதிக்கப்படும். இது மற்ற இரண்டைவிடக் கடுமையானது.

மருத்துவர் எப்படிப் பரிசோதிப்பார்?

பரிசோதனைக்குச் செல்லும்போது, கழுத்தும் தோளும் தெரியும்படி எளிதில் தளர்த்தக்கூடிய உடை அணியுங்கள். பெண்கள் பெண் உதவியாளர் உடனிருக்க வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

பார்த்தல்: தலை ஒருபக்கம் சாய்ந்துள்ளதா, தோள்கள் சமமாக உள்ளனவா, கைத்தசை மெலிந்துள்ளதா என்று பார்ப்பார்.

தொட்டுப் பார்த்தல்: எலும்பில் வலியா, தசையில் வலியா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார். கழுத்தின் முன்புறத்தில் கட்டியோ நெறிக்கட்டோ உண்டா என்றும் தடவிப் பார்ப்பார். எச்சிலை விழுங்கச் சொன்னால், அது தைராய்டு சுரப்பியைச் சோதிப்பதற்காக. விழுங்கும்போது அந்தச் சுரப்பி மேலெழும்பும்.

அசைவு: மோவாயை மார்பை நோக்கித் தாழ்த்துவது, மேலே பார்ப்பது, காதைத் தோள் பக்கம் சாய்ப்பது, இருபுறமும் திரும்புவது ஆகியவற்றை முதலில் நீங்களே செய்யச் சொல்வார். எந்த இடத்தில் வலிக்கிறது, வலி கைக்கு இறங்குகிறதா என்று சொல்லுங்கள். பற்களைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம்.

கைகள்: வலிமை, தொடு உணர்வு, சுத்தியால் தட்டும்போது ஏற்படும் துள்ளல் ஆகியவற்றைச் சோதிப்பார். எந்த விரல் மரத்துள்ளது என்பது எந்த நரம்பு நசுங்கியிருக்கலாம் என்பதைக் காட்டும். கட்டைவிரல் என்றால் பெரும்பாலும் 6ஆம் நரம்பு, நடுவிரல் என்றால் 7ஆம் நரம்பு, சுண்டுவிரல் என்றால் 8ஆம் நரம்பு.

விரல்களை வேகமாக மூடித் திறக்கவும் சொல்லலாம். நலமாக உள்ளவர் 10 வினாடியில் ஏறக்குறைய 20 முறை செய்வார். தண்டுவடம் நெருக்கப்பட்டிருந்தால் வேகம் குறையும்.

கால்கள்: "கழுத்து வலிக்கு வந்தேன், காலை ஏன் பார்க்கிறார்?" என்று நீங்கள் வியக்கலாம். கால்களுக்கான செய்தியும் கழுத்து வழியாகவே செல்கிறது. அதனால்தான் முழங்காலைத் தட்டுவதும், உள்ளங்காலைக் கீறிப் பெருவிரல் மேலே எழுகிறதா என்று பார்ப்பதும், ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்முனையில் வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வதும்.

இந்தச் சோதனைகளின் முடிவைப் பொறுத்தே எக்ஸ்ரே அல்லது எம்ஆர்ஐ தேவையா என்று முடிவுசெய்வார். கழுத்து வலி உள்ள எல்லாருக்கும் படம் எடுக்கத் தேவையில்லை.

வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடாதீர்கள்

பின்வரும் மாற்றங்களில் எதையேனும் கவனித்தால், கழுத்தில் வலி இல்லாவிட்டாலும், விரைவில் மருத்துவரைப் பாருங்கள்:

• சட்டைப் பொத்தான் போடுவது, பூக்கட்டுவது, சேலை மடிப்பு எடுப்பது, சில்லறைக் காசை எடுப்பது முன்பைவிடச் சிரமமாக இருத்தல்
• கையெழுத்து மாறிப்போதல். பொருள்கள் கையிலிருந்து நழுவுதல்
• கால்கள் கனத்து அல்லது விறைத்துப்போதல். சுவரைப் பிடித்துக்கொண்டு நடத்தல்
• தலையைக் குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்வதுபோல் உணர்தல்

நீரிழிவு (இனிப்புநீர்) உள்ளவர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். நீரிழிவால் வரும் மரமரப்பு வழக்கமாகப் பாதங்களில்தான் தொடங்கும். கைவிரல்கள் தடுமாறத் தொடங்கினால், "இது இனிப்புநீர்தான்" என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம்.

தண்டுவடம் நெருக்கப்பட்டவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். பாதிப்பு மேலும் கூடாமல் தடுப்பதே அதன் முதல் நோக்கம். இழந்த செயல்திறன் முழுவதும் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆகவே, காலம் தாழ்த்தாமல் கண்டறிவது மிக முக்கியம்.

கழுத்தில் ஒரு கட்டி 2 வாரங்களுக்கு மேல் மறையாமல் இருந்தால், வலிக்காவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். புகைபிடிப்பவர்களும், வெற்றிலையுடன் பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கமுள்ளவர்களும் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

உடனே 995ஐ அழையுங்கள்

• கீழே விழுந்து நெற்றியிலோ மோவாயிலோ அடிபட்ட பிறகு கழுத்து வலி, அல்லது கைகால் பலவீனம். குளியலறையில் சாதாரணமாக வழுக்கி விழுந்தால்கூட மூத்தோருக்குக் கழுத்து எலும்பு முறியலாம். விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். அசையாமல் படுத்திருக்கச் சொல்லுங்கள்.
• கழுத்து, தாடை அல்லது கையில் வலியுடன் நெஞ்சில் அழுத்தம், மூச்சுத்திணறல், வியர்வை. இது மாரடைப்பாக இருக்கலாம்.
• காய்ச்சல், கடும் தலைவலியுடன் கழுத்து விறைத்துப்போதல்
• திடீரென வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒருபக்கக் கைகால் செயலிழத்தல்
• கைகால் பலவீனத்துடன் சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல்

வீட்டில் என்ன செய்யலாம்?

சாதாரணக் கழுத்து வலிக்கு ஓய்வைவிட மிதமான அசைவே நல்லது. முதுகு சாய்ந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இவற்றை மெதுவாகச் செய்யுங்கள்:

1. வலப்பக்கம் திரும்பி, 5 வினாடி நின்று, நடுவுக்கு வாருங்கள். பிறகு இடப்பக்கம்.
2. காதைத் தோள் பக்கம் சாய்த்து, 5 வினாடி நில்லுங்கள். தோளை உயர்த்த வேண்டாம்.
3. நேராகப் பார்த்தபடி, மோவாயை உள்ளே இழுத்து, 5 வினாடி வைத்திருங்கள்.

ஒவ்வொன்றையும் 5 முறை, நாளுக்கு இருவேளை செய்யலாம். தலைசுற்றினாலோ வலி கைக்கு இறங்கினாலோ நிறுத்திவிடுங்கள். விழுந்து அடிபட்டவர்களும், மேலே சொன்ன கைகால் மாற்றங்கள் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்ய வேண்டாம்.

தலையணை, தலையை முதுகெலும்புக்கு நேராக வைக்கும் உயரத்தில் இருக்கட்டும். கைத்தொலைபேசியை மடியில் வைத்துப் பார்க்காமல் கண் உயரத்திற்குத் தூக்கிப் பிடியுங்கள். சந்தைக்குச் சென்றால் ஒரே தோளில் பையைத் தொங்கவிடாமல் தள்ளுவண்டியைப் பயன்படுத்துங்கள்.

தைலம் தேய்ப்பதும் வெதுவெதுப்பான ஒத்தடமும் இதமளிக்கும். வலி மாத்திரைகளைப் பொறுத்தவரை, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும் முதலில் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்க வேண்டும்.

கழுத்தில் சொடக்கு எடுக்க வேண்டாம்

முடிவெட்டிய பிறகு தலையைப் பிடித்துவிட்டு, கழுத்தை வெடுக்கென்று திருகிச் சொடக்கு எடுப்பது நம்மிடையே உள்ள பழக்கம். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு நாளங்கள் கழுத்து எலும்புகளில் உள்ள துளைகள் வழியாகவே மேலே செல்கின்றன. திடீரெனத் திருகும்போது அவை கிழிந்து, பக்கவாதம் ஏற்படலாம். இது அரிது, ஆனால் நேர்ந்தால் கடுமையானது. "தலையை மட்டும் பிடித்துவிடுங்கள், கழுத்தைத் திருக வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது

வலி எப்போது தொடங்கியது, எந்த விரல் மரத்துள்ளது, எந்த வேலை கடினமாகிவிட்டது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் நடையில் ஏற்பட்ட மாற்றத்தை உங்களைவிட வீட்டில் உள்ளவர்கள் முதலில் கவனித்திருக்கலாம். முடிந்தால் அவர்களில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மேல்விவரங்களுக்கு, உங்கள் குடும்ப மருத்துவரை அல்லது அருகிலுள்ள பலதுறை மருந்தகத்தை நாடுங்கள்.