வரைபடத்திலிருந்தே அழிக்க நினைத்த ஊர்... லிடிட்சே மீண்டு வந்தது எப்படி?

செக் தலைநகர் பிராக்கிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கும் குட்டி ஊர் லிடிட்சே. ஆனால், இன்றைய லிடிட்சே பழைய இடத்தில் இல்லை. ஏன்?

என்ன நடந்தது?

1942 மே 27-ல் நாஜி உயரதிகாரி ஹைட்ரிக் பிராக்கில் தாக்கப்பட்டார். ஜூன் 4-ல் இறந்தார். தாக்கியவர்களோடு லிடிட்சேவுக்குத் தொடர்பு இருப்பதாக நாஜிகளுக்குச் சந்தேகம். ஆதாரம்? எதுவுமே இல்லை. ஆனாலும், ஜூன் 10-ல் 173 ஆண்களை ஊரிலேயே சுட்டுக் கொன்றார்கள். பெண்கள் ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். 82 குழந்தைகள் போலந்தின் ஹெல்ம்னோவில் விஷவாயுவுக்குப் பலியானார்கள். தேவாலயம் உட்பட மொத்த ஊரும் தரைமட்டம். கல்லறைகளைக்கூட விட்டுவைக்கவில்லை.

மீண்டது எப்படி?

அதே ஆண்டு, இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில் டாக்டர் பார்னெட் ஸ்ட்ராஸ் 'லிடிட்சே வாழும்' இயக்கத்தைத் தொடங்கினார். சுரங்கத் தொழிலாளர்கள் நிதி கொடுத்தார்கள். போர் முடிந்ததும் 143 பெண்களும் 17 குழந்தைகளும் திரும்பி வந்தார்கள். பக்கத்திலேயே புது ஊர் எழுந்தது.

இப்போது என்ன பார்க்கலாம்?

பழைய ஊர் இருந்த இடம் இன்று புல்வெளி. அதற்கும் புது ஊருக்கும் நடுவே, 1955-ல் திறந்த ரோஜாத் தோட்டம். சிற்பி மரியே உக்கிட்டிலோவா உருவாக்கிய 82 வெண்கலக் குழந்தைகளும் அங்கே நிற்கிறார்கள்.

பெயரே இருக்கக் கூடாது என்று நினைத்தார்கள். மெக்சிகோவிலும் பிரேசிலிலும் ஊர்கள் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டன.