உண்ணாத இரவில் ஏறும் சர்க்கரை

நீரிழிவு உள்ளவர்களின் இல்லங்களில் காலை வேளையில் எழும் ஒரு சச்சரவு உண்டு. இரவு இரண்டு இட்லியோடு படுக்கைக்குச் சென்ற பெரியவர் விடிந்ததும் வெறும் வயிற்றில் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கிறார். படுக்கும்போது 140 இருந்தது. இப்போது 180 காட்டுகிறது. வீட்டாரின் பார்வை அலமாரியில் இருக்கும் அல்வாப் பெட்டியின் மீது திரும்புகிறது. யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. மறுநாள் சர்க்கரை டப்பா மட்டும் இடம் மாறியிருக்கிறது.

சதுரங்கப்பட்டினத்தில் நான் அறிந்த குடும்பங்கள் சிலவற்றில் இந்தச் சந்தேகம் முதியவர்களின் மனத்தை மிகவும் புண்படுத்தியிருக்கிறது. இரவில் எழுந்து இனிப்பைத் தேடுபவர்கள் இல்லாமலில்லை. ஆனால் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள். இரத்தத்தில் சர்க்கரையைச் சேர்த்தது அவர்களுடைய கை அன்று, அவர்களுடைய ஈரல். ஈரலுக்கு அந்தக் கட்டளையை இட்டது கணையத்தில் சுரக்கும் குளுக்ககான் என்னும் ஹார்மோன்.

இன்சுலினை அறியாதவர் இன்று அரிது. குளுக்ககானை அறிந்தவரோ அதனினும் அரிது. இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவை. இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் கணையத்தில், சிறு தீவுகளைப் போன்ற செல் கூட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் 1869ஆம் ஆண்டில் இவற்றை விவரித்தார். இந்தத் திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. ஆல்பா செல்கள் குளுக்ககானைச் சுரக்கின்றன.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நல்ல உடல்நலமுள்ள ஒருவரின் இரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் சர்க்கரை சுமார் 5 கிராம். ஒரு தேக்கரண்டி அளவுதான். ஆனால் மூளை மட்டுமே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. இரவு முழுதும் நாம் உண்பதில்லை. மூளையோ உறங்கும்போதும் வேலை செய்கிறது. அந்த ஒரு தேக்கரண்டி தீர்ந்து போகாமல் காப்பது யார்?

நம்மூர்க் கடற்கரையில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்தவர்கள் அதனுள் இருக்கும் களஞ்சியத்தையும் பார்த்திருப்பார்கள். ஈரலும் அத்தகைய களஞ்சியமே. உண்டவுடன் மிகுதியாக வரும் சர்க்கரையை இன்சுலினின் துணையோடு கிளைகோஜன் என்னும் மாவுப் பொருளாக மாற்றி, சுமார் 100 கிராம் வரை அது சேர்த்து வைக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் குளுக்ககான் வந்து களஞ்சியத்தின் கதவைத் திறக்கிறது. கிளைகோஜன் உடைந்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. இருப்புக் குறையும்போது, புரதத்தின் கூறுகளிலிருந்தும் பிற பொருள்களிலிருந்தும் ஈரல் புதிதாகவே சர்க்கரையைத் தயாரிக்கிறது. தசைகளிலும் கிளைகோஜன் உண்டு. ஈரலில் இருப்பதைவிட அதிகமாகவே உண்டு. ஆனால் தசை தன் இருப்பைத் தானே செலவழித்துக் கொள்ளுமேயன்றி இரத்தத்துக்குக் கொடுக்காது. ஊருக்கு ஈவது ஈரல் ஒன்றே.

இந்த ஹார்மோன் கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1921இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அக்காலத்துக் கணையச் சாறுகளைச் செலுத்தியபோது சர்க்கரை இறங்குவதற்கு முன் சிறிது நேரம் ஏறுவதையும் ஆய்வாளர்கள் கண்டனர். சாற்றில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று ஊகித்த கிம்பல், முர்லின் என்ற அமெரிக்க அறிஞர்கள் 1923இல் அதற்குக் குளுக்ககான் என்று பெயரிட்டனர். அதனைத் தூய படிகமாகப் பெறுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அது 29 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி என்பது அதன் பின்னரே தெரிந்தது. அக்காலத்தில் இவையெல்லாம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டன. இன்சுலின் ஊசி கூடுமா என்று நம் பெரியவர்கள் உலமாக்களிடம் கேட்டுத் தயங்கியது இதனாலேயே. 1982இல் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தபின் அந்தத் தயக்கம் பெரும்பாலும் நீங்கிற்று.

இப்போது பெரியவரின் 180க்கு வருவோம். உடல்நலமுள்ளவரிடத்தில் இன்சுலின், பக்கத்திலிருக்கும் ஆல்பா செல்களை அடக்கி வைக்கிறது. நீரிழிவில் இன்சுலின் குறைவு, அல்லது அதன் பேச்சு எடுபடுவதில்லை. ஆகவே சர்க்கரை தேவைக்கு மேல் இருக்கும்போதும் குளுக்ககான் ஓய்வதில்லை. இன்சுலின் குறைவு ஒன்றே நீரிழிவு அன்று, குளுக்ககான் மிகுதியும் சேர்ந்ததே அந்நோய் என்ற கருத்தை அமெரிக்க மருத்துவர் ரோஜர் உங்கர் 1970களில் வலியுறுத்தினார். விடியற்காலையில் உடலை எழுப்பும் வேறு சில ஹார்மோன்களும் ஈரலைத் தூண்டுகின்றன. பலர் உட்கொள்ளும் மெட்ஃபார்மின் மாத்திரை ஈரல் வெளிவிடும் சர்க்கரையைக் குறைக்கிறது. சிடாகிளிப்டின் வகை மருந்துகள் குளுக்ககானையும் ஓரளவு அடக்குகின்றன. காலைச் சர்க்கரை தொடர்ந்து ஏறினால் மருத்துவரிடம் சொல்லி மருந்தைச் சீர்செய்ய வேண்டுமேயன்றி, இரவு உணவையே நிறுத்திப் பட்டினி கிடப்பது பிழை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியாயிற்று. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. ஆகவே இஃது ஏதோ ஒரு வீட்டின் செய்தியன்று.

ரமளான் மாதத்தில் இந்த அறிவு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஸஹர் முடிந்து பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் நோன்பிருக்கும் உடல்நலமுள்ளவர் அஸர் வேளையிலும் நிலைகுலையாமல் இருப்பது ஈரலின் இருப்பாலும் குளுக்ககானின் உழைப்பாலுமே. இன்சுலின் போட்டுக் கொள்பவர்களின் நிலை வேறு. 'உண்ணவில்லையே, ஊசி எதற்கு?' என்று தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. முதல் வகை நீரிழிவில் இது பேராபத்து. தடுப்பாரின்றிச் செயற்படும் குளுக்ககான் சர்க்கரையை ஏற்றுவதோடு, கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் உண்டாகவும் வழி செய்கிறது. குமட்டல், வாந்தி, பெருமூச்சு என்று தொடங்கி உயிருக்கே உலை வைக்கும் நிலை அது. எனவே ரமளானுக்கு ஓரிரு மாதம் முன்னரே மருத்துவரைக் காண வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று மருத்துவ நெறிமுறைகள் கூறுகின்றன. நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையைப் பெறுவதில் கூச்சம் எதற்கு?

நீண்ட காலம் முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு, சர்க்கரை தாழும்போது சுரக்க வேண்டிய குளுக்ககான் சுரக்காமலே போய்விடுவதுண்டு. அவர்களுக்குத் தாழ்சர்க்கரை திடீரென வரும். வியர்வையும் நடுக்கமும் கண்டால், நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். இத்தகைய வேளைக்கென்றே குளுக்ககான் ஊசி உண்டு. மூக்கில் செலுத்தும் பொடியும் 2019 முதல் சில நாடுகளில் வந்துள்ளது. ஆனால் நெடும் பட்டினியால் ஈரலின் களஞ்சியம் ஒழிந்திருந்தால் அந்த மருந்துக்கும் எடுத்துத்தர ஒன்றும் இராது. அப்போது மருத்துவமனையில் நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றித்தான் காக்க வேண்டும்.